பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா?

ஓர் ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் ஏறத்தாழ 30 ஆயிரம் டன் நைட்ரஜன் இருக்கிறது. அதே ஏக்கரில் நல்ல நெல் விளைச்சல் எடுக்க உரமாக இடப்படும் நைட்ரஜன் 50, 60 கிலோதான். ஆயினும் தலைக்கு மேல் உள்ள அந்தப் பெருஞ்செல்வத்திலிருந்து ஒரு கிராமைக்கூடப் பயிரால் தானாக எடுத்துக்கொள்ள இயலாது. இரண்டிரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்திருக்கும் காற்று நைட்ரஜனைப் பிரித்துப் பயன்படுத்தும் ஆற்றல் சிலவகை நுண்ணுயிர்களுக்கே வாய்த்திருக்கிறது.

அந்த ஆற்றலை மனிதன் தொழிற்சாலையில் உருவாக்கிக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் கண்ட வழியை கார்ல் போஷ் பேரளவுத் தொழிலாக்கினார். 1913-இல் ஒப்பாவ் நகரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று நம் வயலுக்கு வரும் யூரியாவின் தாய்வீடு அந்தத் தொழில்நுட்பமே. அதற்கு 400 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப்போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தமும் தேவை. உளுந்துச் செடியின் வேரில் கடுகளவு முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா அதே வேலையைச் சாதாரண மண்ணின் வெப்பத்தில், ஓசையில்லாமல் செய்து முடிக்கிறது.

வேளாண் நுண்ணுயிரியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் பாக்டீரியாக்களின் பெருமையைப் பேசும் கூட்டங்களில் பலமுறை பங்கேற்றிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு விவசாயி அருகில் வந்து, 'உயிர் உரம் போட்டுப் பார்த்தேன் ஐயா, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அறிவியலும் பொய் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ ஒன்று அறுந்துபோகிறது. அது எங்கே என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் வேரடியில் நடப்பதைப் பார்ப்போம். வேரை ஒட்டி, அதன் தாக்கத்துக்கு உட்பட்ட மெல்லிய மண் அடுக்குக்கு 'ரைசோஸ்பியர்' என்று 1904-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர். தமிழில் இதை வேர்மண்டலம் எனலாம். செடி, தான் வெயிலில் சமைத்த மாவுச்சத்தில் ஒரு கணிசமான பங்கைச் சர்க்கரைகளாகவும் கரிம அமிலங்களாகவும் வேர்வழியே மண்ணில் கசியவிடுகிறது. பார்வைக்கு இது வீண்செலவு போலத் தோன்றும். உண்மையில் அது கூலி. அந்த உணவைத் தேடி வரும் நுண்ணுயிர்களால் வேர்மண்டலத்தில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, சற்றுத் தள்ளியுள்ள மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு பெருகுகிறது. வேரிலும் தண்டிலும் இலையிலும் குடியிருக்கும் இந்த முழுக் கூட்டத்தையே இன்றைய அறிவியல் 'தாவர நுண்ணுயிரியம்' என்கிறது. மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நம் உடல்நலத்தில் பங்கு வகிப்பதைப் போலவே, இவையும் பயிரின் நலத்தில் பங்கு வகிக்கின்றன.

இந்தக் கூட்டத்தில் பல தொழிலாளர்கள் உண்டு. பாஸ்போபாக்டீரியா அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. அசோஸ்பைரில்லம் நெல், சோளம் போன்ற புல்லினப் பயிர்களின் வேரை ஒட்டி வாழ்ந்து, வளர்ச்சி ஊக்கிகளைச் சுரந்து வேர்த்தூவிகளைப் பெருக்குகிறது. ஓரளவு நைட்ரஜனையும் சேர்க்கிறது. சூடோமோனாஸ், மண்ணிலுள்ள இரும்புச்சத்தைத் தான் முந்திக் கவர்ந்துகொண்டும், எதிர்ப்பொருள்களைச் சுரந்தும் நோய்ப் பூஞ்சைகளை ஒடுக்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோதுமையை ஆண்டுதோறும் விடாமல் பயிரிட்ட நிலங்களில், வேரைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் முதலில் கடுமையாகி, சில ஆண்டுகளுக்குப் பின் தானாகவே தணிந்தது. அந்த மண்ணில் பெருகியிருந்த சூடோமோனாஸ் பாக்டீரியாக்களே அதற்கு முக்கியக் காரணம் என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மண்ணுக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இவை அனைத்திலும் மிகத் தெளிவாக நிறுவப்பட்டது பயறுவகைப் பயிர்களுக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு. பயறுவகைகள் வேர்முடிச்சுகளின் உதவியால் காற்று நைட்ரஜனைப் பெறுகின்றன என்று ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினர். நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். இரண்டும் 1888-இல் வெளிவந்தவை. செடியின் வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு அழைக்கிறது. உரிய பாக்டீரியா மட்டும் அதைப் புரிந்துகொண்டு, தன் பங்குக்கு வேறொரு வேதிப்பொருளை அனுப்பி மறுமொழி சொல்கிறது. வேர்த்தூவி வளைந்து அதை அணைத்து உள்ளே அழைத்துச் செல்கிறது, முடிச்சு உருவாகிறது.

முடிச்சுக்குள் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா உயிர்வாழவோ ஆக்சிஜன் வேண்டும். இதற்காகச் செடி, நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு செந்நிறப் புரதத்தை உருவாக்கி, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. எனவேதான் வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். வெளிறியோ, பச்சையாகவோ, பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள். உயிர் உரம் பலன் தந்ததா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விதைத்த 30-ஆம் நாள் சில செடிகளை மண்ணோடு பெயர்த்தெடுத்து முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் போதும்.

இனி, அறுந்துபோகும் இடத்துக்கு வருவோம். யூரியா ஒரு வேதிப்பொருள். தகரக் கூரையின் கீழ் இரண்டு கோடைகளைக் கழித்தாலும் அது யூரியாதான். ரைசோபியம் பொட்டலம் அப்படியல்ல. பழுப்பு நிலக்கரித் தூள் போன்ற ஊடகத்தில் கலந்து அடைக்கப்பட்ட உயிர்க்கூட்டம் அது. வெப்பமும் வெயிலும் உலர்வும் அதைக் கொல்லும். அதன் ஆயுள் வழக்கமாக ஆறு மாதம். திரவ வடிவில் சற்றுக் கூடுதல். சித்திரை வெயிலில் கொதிக்கும் ஒரு கடையின் மேல்தட்டில், பூஞ்சைக்கொல்லி டப்பாக்களுக்கு நடுவே உயிர் உரப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி இன்னும் கடந்திருக்கவில்லை. உள்ளே இருந்தவற்றுக்கு அந்தத் தேதி தெரியாது.

நம் நாட்டில் உயிர் உரங்கள் 2006-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. அதன்படி தூள் வடிவ ரைசோபியத்தில் ஒரு கிராமுக்கு குறைந்தது 5 கோடி, திரவ வடிவில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதை, அதற்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தில் இருப்பவை 1,000 கோடி செல்கள். நூறு உளுந்தின் எடை நாலரை கிராம் எனக் கொண்டால், 8 கிலோவில் ஏறத்தாழ 1 லட்சத்து 78 ஆயிரம் விதைகள். ஆக, ஒரு விதைக்குக் கிடைப்பவை சுமார் 56 ஆயிரம் செல்கள். சேமிப்பில் நூற்றில் ஒன்றுதான் பிழைத்தது என்றால் அது 560 ஆகிவிடும். விதைநேர்த்தியின்போதும் விதைப்பின்போதும் மடிபவை போக மீதி எத்தனை என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பிரேசில் நாட்டின் சட்டம் கேட்பது ஒரு கிராமுக்கோ மில்லி லிட்டருக்கோ 100 கோடி செல்கள். நம் தூள் வடிவத் தரத்தைப்போல 20 மடங்கு. திரவத் தரத்தைப்போல 10 மடங்கு. அரசு ஒப்புதல் பெற்ற பாக்டீரியா இரகங்களை மட்டுமே அங்கே பயன்படுத்த முடியும். வேற்று நுண்ணுயிர்க் கலப்புக்கும் கடுமையான வரம்பு உண்டு. ஒரு சோயா விதைக்கு 12 லட்சம் செல்கள் என்பது அங்குள்ள பரிந்துரை. சோயா விதை உளுந்தைவிடப் பெரியது என்பதால் இதை அப்படியே நமக்குப் பொருத்த இயலாதுதான். ஆயினும் அந்த இடைவெளி விதையின் பருமனால் மட்டும் விளைந்ததன்று.

பிரேசில் இந்த இடத்துக்கு எளிதாக வந்துவிடவில்லை. இன்றைய செக் குடியரசின் மண்ணில் பிறந்து, போருக்குப் பின் பிரேசிலில் குடியேறிய ஜொஹான்னா டோபெரெய்னர் என்ற பெண் அறிவியலாளர், ரியோ டி ஜெனிரோவுக்கு அருகிலுள்ள செரோபெடிகாவில் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். உலகமே நைட்ரஜன் உரத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த 1960-களில், சோயாவுக்கு உரம் வேண்டாம், பாக்டீரியாவோடு நன்கு இணங்கும் இரகங்களையே தேர்ந்தெடுப்போம் என்று அவர் வாதிட்டார். பிரேசில் அந்த வழியை ஏற்றது. இன்று உலகிலேயே மிக அதிகமாகச் சோயா விளைவிக்கும் நாடு, தன் சோயாவுக்கு நைட்ரஜன் உரத்தை ஏறக்குறைய இடுவதே இல்லை. அதனால் ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் மிச்சமாகிறது. இதே துறையில் பிரேசிலின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபாவில் பணியாற்றிவரும் மரியாங்கெலா உங்க்ரியாவுக்கு 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. ரைசோபிய இனத்தையும் அசோஸ்பைரில்லத்தையும் சேர்த்து அளிக்கும் முறையை உழவர்களிடம் கொண்டுசேர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அப்படியானால் பிரேசிலைப் படியெடுத்தால் போதுமா? போதாது. சோயா பிரேசிலுக்கு வந்தேறிய பயிர். அதற்கு உரிய பாக்டீரியா அம்மண்ணில் முன்பு இல்லை. வெற்றிடத்தில் குடியேறுவது எளிது. நம் நிலையோ வேறு. உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் பன்னெடுங்காலமாக விளையும் மண்ணில் அவற்றோடு இணங்கும் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அவை உள்ளூர் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகியவை. ஆனால் எல்லாமே நைட்ரஜனைத் திறம்படச் சேர்ப்பவை அல்ல. பொட்டலத்திலிருந்து வரும் திறமையான பாக்டீரியா, இந்தப் பழைய குடிகளோடு போட்டியிட்டு வேரில் இடம்பிடிக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்து, அரை உயிரோடு வருவது அந்தப் போட்டியில் வெல்லாது. நம் உழவர்கள் 'வித்தியாசம் தெரியவில்லை' என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காவிரிப் படுகையின் நெல் தரிசுப் பயறு இதற்கு நல்லதொரு களம். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து பலன் தரும். மாதக்கணக்கில் நீர் தேங்கி, காற்றோட்டம் குறைந்த அந்த மண்ணில் ரைசோபியம் குறைந்துபோக வாய்ப்புண்டு. அடியுரம் இடவும் அங்கே வழியில்லை. விதையோடு ஒட்டிச் செல்லும் பாக்டீரியாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது? தைமாதத்தில் விதைக்கப்படும் அந்தப் பயிருக்கான பொட்டலம் மார்கழியில் தயாரிக்கப்பட்டு, குளிர்ந்த இடத்தில் காத்திருந்து, விதைக்கும் வாரத்தில் உழவர் கைக்குச் சேர வேண்டும். ஆடியில் தயாரித்து, இருப்பு வைத்து, இலக்கை முடிப்பதற்காகக் கொடுக்கப்படும் பொட்டலத்தால் பயனில்லை.

இன்னொரு தடை யூரியாவின் விலை. 45 கிலோ மூட்டைக்கு விவசாயி கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. உண்மை விலை அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசின் மானியம் ஈடுசெய்கிறது. 2022-23-இல் மத்திய அரசின் உர மானியச் செலவு 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. உழவரைக் காக்கும் மானியத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மிக மலிவாகக் கிடைக்கும் ஒன்று அளவுக்கு மிஞ்சி இடப்படுவது இயல்பு. பயறு வயலில் யூரியாவை மிகுதியாக இட்டால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். இலவசமாக உணவு கிடைக்கும்போது கூலி கொடுத்து ஆள் வைப்பானேன் என்பது செடியின் கணக்கு. நெல் வயலில் இடும் நைட்ரஜனிலும் பாதிக்கு மேல் பயிருக்குச் சேராமல் நீரிலும் காற்றிலும் கலக்கிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது. கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 273 மடங்கு புவியைச் சூடேற்றும் வாயு அது.

இதைச் சொல்லும்போதே மறுபுறத்தையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நுண்ணுயிர்கள் மந்திரவாதிகள் அல்ல. அதிக விளைச்சல் தரும் நெல்லுக்குத் தேவையான நைட்ரஜன் முழுவதையும் அசோஸ்பைரில்லத்தால் தர இயலாது. ரசாயன உரத்தை ஒரே நாளில் துறந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2021-இல் பட்டறிந்தது. இறக்குமதித் தடை சில மாதங்களிலேயே திரும்பப் பெறப்பட்டபோதும் நெல் விளைச்சல் வீழ்ந்ததைத் தடுக்க முடியவில்லை. 'எந்தப் பயிருக்கும், எந்த மண்ணுக்கும், எல்லா நோய்க்கும்' என்று கூவி விற்கப்படும் பெயரற்ற நுண்ணுயிர்க் கரைசல்களைக் கண்டாலும் உழவர்கள் ஒதுங்கிப் போவதே நல்லது. எந்தப் பாக்டீரியா, எத்தனை, எப்போது தயாரிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லாத பொருள் உயிர் உரமாகாது.

அரசு செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. முதலாவதாக, தரச் சோதனைக்கான மாதிரியை ஆலை வாயிலில் எடுப்பதோடு நிறுத்தாமல், கடைத் தட்டிலிருந்தும் விரிவாக்க மையத்தின் கிடங்கிலிருந்தும் விதைப்புப் பருவத்தில் எடுக்க வேண்டும். தொகுதி எண்ணோடு முடிவை இணையத்தில் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, குறைந்தபட்ச எண்ணிக்கையைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். மூன்றாவதாக, நம் மாவட்டங்களின் வயல்களிலிருந்தே திறன் மிக்க பாக்டீரியா இரகங்களைத் தேர்ந்தெடுத்து, அந்தந்தப் பகுதிக்கே திருப்பித் தரும் பணியை வேளாண் பல்கலைக்கழகத்திடம் உரிய நிதியோடு ஒப்படைக்க வேண்டும். ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியை ஊக்கத்தொகையாகத் தரும் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை மாவட்டத்துக்கு ஒரு நுண்ணுயிர்ச் சோதனைக்கூடம் அமைக்கச் செலவிடலாம். தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் பசுந்தாள் உரத்துக்கு ஊக்கம் அளிக்கிறது. நல்ல தொடக்கம், ஏனெனில் கரிமச்சத்து வற்றிய மண்ணில் எந்தப் பாக்டீரியாவும் பசியால் வாடும்.

உழவர் செய்ய வேண்டியவை இன்னும் எளியவை. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பூஞ்சைக்கொல்லி நேர்த்தி தேவையென்றால் அதை முதலில் செய்து, ஒரு நாள் கழித்து, கடைசியாக ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசுங்கள். சூடான கஞ்சி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெயிலில் அல்ல, நிழலில் கால்மணி நேரம் உலர்த்தி உடனே விதையுங்கள். உயிர் உரத்தை யூரியாவோடு கலக்காதீர்கள். வயலின் ஒரு மூலையில் நேர்த்தி செய்யாத விதையையும் சிறிதளவு விதைத்து வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

உரம் என்றால் கொட்டுவது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உயிர் உரமோ வளர்ப்பது. கோழிக்குஞ்சு வாங்குபவர் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக, இறந்தவற்றுக்கு விலை கொடுக்கும் நிலை உழவருக்கு ஏன் வர வேண்டும்? பொட்டலம் எத்தனை விநியோகிக்கப்பட்டது என்ற கணக்கை ஆண்டறிக்கைகள் தவறாமல் தருகின்றன. விதைத்த முப்பதாம் நாளில் எத்தனை வயல்களின் வேர்முடிச்சு சிவந்திருந்தது என்ற கணக்கையும் துறை எடுக்கத் தொடங்கட்டும். உழவரின் நம்பிக்கை திரும்புவது அதற்குப் பிறகுதான்.